தம்பிக்குப் பகல்நேரச் சிகிச்சையா, மூன்று மாதம் உள்ளே போடுவதா? (பெங்களூரு)

கலா_மர்ஃபிடவுன் | ஆகஸ்ட் 25, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு 34 வயது. சிவாஜிநகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் வேலை. பத்து வருஷமாகக் குடி. முதலில் சனிக்கிழமை மட்டும், அப்புறம் தினமும் ராத்திரி, போன வருஷத்திலிருந்து காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே. நைன்ட்டி (90 மில்லி மது) டெட்ரா பேக்கை அம்மாவின் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தான். உலைக்கு அளக்கப் போன அம்மாவின் ஆழாக்கில் அது தட்டுப்பட்டது. அம்மா சத்தம் போடவில்லை. அதை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுச் சோறு வடித்தாள்.

போன மாதம் கை நடுக்கம் தாங்காமல் அவனாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தான். 11 நாள் வார்டில் இருந்தான். இப்போது நடுக்கம் இல்லை, தூங்குகிறான், சாப்பிடுகிறான். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர், ஆறு வாரம் பகல்நேரச் சிகிச்சைக்கு அனுப்பச் சொன்னார். ராஜாஜிநகர் பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. திங்கள் முதல் சனி வரை, காலை 9.30 முதல் மாலை 4.30 வரை. மதியச் சாப்பாடு அங்கேயே.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஹொசக்கோட்டை தாண்டி ஒரு மையம் இருக்கிறதாம். அவர்களே வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போவார்களாம். மூன்று மாதம். முதல் மாதம் போன் கிடையாது. "உள்ளே போட்டாத்தான் புத்தி வரும்" என்கிறார்.

எனக்கும் ஒரு சந்தேகம். சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வந்துவிடுகிறவனுக்கு அது என்ன சிகிச்சை? டியூஷன் மாதிரி அல்லவா இருக்கிறது? யாராவது போயிருக்கிறீர்களா?

கேஆர்புரம்_சேகர் | ஆகஸ்ட் 25, இரவு 11.15

மாமா சொல்வதைக் கேளுங்கள் சகோதரி. என் அண்ணன் இதே மாதிரி ஒரு இடத்துக்கு 9 நாள் போனார். பத்தாவது நாளிலிருந்து காலையில் குளித்து, விபூதி பூசி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நேரே ஒரு நண்பனின் ரூமுக்குப் போய்விட்டார். மாலை 5.30க்கு டாண் என்று வீட்டில் இருப்பார். வாயில் ஏலக்காய் வாசனை. "இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்று அண்ணி கேட்டால், "மனசைக் கட்டுப்படுத்தணும்னு சொன்னாங்க" என்பார். நான்கு நாள் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

கதவு திறந்திருக்கிற இடத்தில் குடிகாரனை வைத்தால் இதுதான்.

அல்சூர்வாசி | ஆகஸ்ட் 26, காலை 6.05

கலா அக்கா, நான் போயிருக்கிறேன். 2019இல், எட்டு வாரம். அதற்கு முன்னால் இரண்டு தடவை உள்ளே இருந்திருக்கிறேன், ஒரு தடவை 30 நாள், இன்னொரு தடவை 90. அதனால் இரண்டையும் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

90 நாள் உள்ளே இருந்தபோது எனக்குக் குடிக்கிற நினைப்பே வரவில்லை. உண்மையாகவே. சுவர், சாப்பாடு, தோட்ட வேலை, பிரார்த்தனை, தூக்கம். திருந்திவிட்டேன் என்றே நினைத்தேன். வெளியே வந்த அன்று மெஜஸ்டிக்கில் இறங்கி, அங்கிருந்து வீட்டுக்கு வருவதற்குள் குடித்துவிட்டேன். அந்த 90 நாளில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மெஜஸ்டிக்கிலிருந்து வீட்டுக்கு எப்படி வருவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

பகல்நேரச் சிகிச்சையில் எங்களுக்கு நடந்தது இதுதான். காலை 9.30க்கு உள்ளே நுழைந்ததும் ஊதிக் காட்ட வேண்டும், போலீஸ் வைத்திருக்கிற அதே மாதிரி கருவியில். வாரத்தில் எந்த நாள் என்று சொல்லாமல் சிறுநீர் பரிசோதனை. அப்புறம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: நேற்று மாலை 4.30க்கு இங்கிருந்து போன நீ, இன்று காலை வரை என்ன செய்தாய்? கதை விடக் கூடாது, மணிக்கணக்காகச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் கன்னடத்தில், நாங்கள் நாலு பேர் தமிழில், ஒரு சேட்டு இந்தியில். எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது.

எனக்குக் கவுன்சலர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் வழியை வரையச் சொன்னார். வரைந்தேன். நடுவில் இரண்டு எம்.ஆர்.பி. கடை (பாட்டில் விற்கிற மதுக்கடை), ஒரு பார். எந்தக் கடை முன்னால் கால் தயங்கும் என்று கேட்டார். இரண்டாவது கடை. அந்தக் கவுன்ட்டர் பையன் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பாட்டிலை எடுத்து வைத்துவிடுவான். கடன் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டான். சொந்தக்காரர்களில்கூட அப்படி ஒருவர் எனக்குக் கிடையாது.

அன்றிலிருந்து ஹலசூருவில் இறங்குவதை விட்டுவிட்டு, அடுத்த ஸ்டேஷன் இந்திராநகரில் இறங்கித் திரும்பி நடந்தேன். இந்திராநகரில் திரும்பின பக்கமெல்லாம் பப் இருக்கிறதே என்று சிரிப்பீர்கள். அங்கே ஒரு பெக் விலைக்கு எங்கள் வீட்டில் இரண்டு நாள் காய்கறி வாங்கலாம். அந்தக் கதவுக்குள் என்னை விடவும் மாட்டார்கள். அவை எனக்கு வெறும் விளக்கு.

டியூஷன் மாதிரி என்று கேட்டீர்களே, சரியாகத்தான் கேட்டீர்கள். பகலில் பாடம், மாலையில் பரீட்சை, மறுநாள் காலையில் விடைத்தாள் கைக்கு வரும். உள்ளே போட்டால் 90 நாளும் பாடம்தான். பரீட்சை வெளியே வந்த அன்று ஒரே நாளில், பக்கத்தில் யாரும் இல்லாமல்.

நானும் ஏமாற்றியிருக்கிறேன் சேகர் அண்ணா. மூன்றாவது வாரம் ஒரு நாள் போகவில்லை. 10.15க்கு என் மனைவிக்குப் போன் வந்துவிட்டது. வராதவன் வீட்டுக்கு அன்றைக்கே போன் செய்யாத இடம் சிகிச்சை மையமே இல்லை. உங்கள் அண்ணனை ஏமாற்றியது திறந்த கதவு இல்லை.

வார்டு_அக்கா | ஆகஸ்ட் 26, மதியம் 2.20

மனநலப் பிரிவில் நர்ஸாக 18 வருஷம் இருக்கிறேன். முதலில் சென்னை, இப்போது பெங்களூரு. அல்சூர்வாசி சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் எல்லோரையும் பகல் சிகிச்சைக்கு அனுப்பிவிட முடியாது.

முக்கியமாக, குடியை நிறுத்துகிற முதல் சில நாட்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளுக்கு மேல் நான்காம் நாள் வரைக்கும் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், ஆள் அடையாளம் தெரியாது, உயிருக்கே ஆபத்து. அதோடு உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) காய்ந்துபோயிருக்கும். ஊசியில் தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். இதெல்லாம் ஆஸ்பத்திரி வேலை. கலாவின் தம்பி அந்தக் கட்டத்தை 11 நாளில் தாண்டிவிட்டார், அதனால்தான் அடுத்த படியைச் சொல்லியிருக்கிறார்கள்.

பகல் சிகிச்சை யாருக்குச் சரிப்படாது? தற்கொலை எண்ணம் இருக்கிறவருக்கு, வீட்டிலேயே குடிக்கிற இன்னொருவர் இருக்கிறவருக்கு, தங்க இடமே இல்லாதவருக்கு. ஒரு தடவை நிறுத்தி மறுபடி ஆரம்பித்து மறுபடி ஃபிட்ஸ் வந்தவர் என்றால், முதலில் வார்டுதான்.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பகல் ஆஸ்பத்திரி என்ற ஏற்பாடு மாஸ்கோவில் 1930களிலும், மான்ட்ரியலில் 1946இலும் ஆரம்பித்தது. அமெரிக்காவில் இதற்கு மணிக்கணக்கே வைத்திருக்கிறார்கள்: வாரத்துக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஒரு நிலை, 20 மணிக்கு மேல் அதற்கு அடுத்த நிலை. கலா சொல்கிற இடத்தில் வாரம் 42 மணி நேரம் வருகிறது. நம் நாட்டில் இன்னொரு பாதை உண்டு. அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் 1950களில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தையும் வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். குடும்பம் சேர்ந்தால் நோயாளி சீக்கிரம் வீடு திரும்புகிறார் என்று அங்கே கண்ணால் பார்த்தார்கள். இன்றைக்கு இங்கே நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் குடும்பத்தோடு தங்குகிற வார்டு இருக்கிறது, சென்னையில் குடி, போதைக்குச் சிகிச்சை தருகிற டி.டி.கே. ஆஸ்பத்திரியில் குடும்பத்தாருக்குத் தனி வகுப்பு இருக்கிறது. ராஜாஜிநகர் இடத்திலும் வீட்டாருக்கு வாரம் ஒரு நாள் கூப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். கூப்பிட்டால் அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் ஒதுங்காதீர்கள். மாமாவையும் இழுத்துக்கொண்டு போங்கள், அவருக்குத்தான் முதலில் வேண்டும்.

ஜெயநகர்_மீனா | ஆகஸ்ட் 26, மாலை 5.50

குறுக்கே ஒரு கேள்வி. சாம்பாரிலோ காபியிலோ ஆளுக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கிற மாத்திரை இருக்கிறதாமே? எங்கள் ஏரியாவில் ஒரு அம்மா கலந்து கொடுத்து வீட்டுக்காரர் நிறுத்திவிட்டாராம்.

வார்டு_அக்கா | ஆகஸ்ட் 26, மாலை 6.10

மீனா, தயவுசெய்து வேண்டாம். நீங்கள் சொல்வது டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். இதயக் கோளாறு இருக்கிறவர் செத்தே போகலாம். மாத்திரையை நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரைக்கும் அந்த விளைவு இருக்கும். ஒருவர் தெரிந்து, சம்மதித்து, ஈரல் பரிசோதனை செய்துகொண்டு சாப்பிட வேண்டிய மாத்திரை அது. சாராயம் கலந்த இருமல் மருந்துகூட ஆகாது என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மயங்கி விழுந்து வருகிறவரின் வீட்டார் கலந்ததைச் சொல்லாமல் மறைப்பார்கள், நாங்கள் நெஞ்சுவலி என்று நினைத்து ஓடுவோம். இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

குடிக்கிற ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி வேறு மருந்துகள் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பெயர்_வேண்டாம் | ஆகஸ்ட் 26, இரவு 11.55

வண்டி கொண்டுவந்து ஏற்றுவார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து உட்கார முடியவில்லை.

என்னையும் அப்படித்தான் ஏற்றினார்கள். விடியற்காலை 4 மணி, நாலு பேர், நான் லுங்கியோடு. ஊர், மையம் பெயர் சொல்ல மாட்டேன். ஒரு ஹாலில் 40 பேர், இரண்டு கழிப்பறை. டாக்டரை நான் பார்த்தது மொத்தம் ஒரே தடவை. பேசினால் அடி, பேசாவிட்டாலும் அடி. என்னோடு கொண்டுவரப்பட்ட ஒருவருக்கு இரண்டாம் நாள் ஃபிட்ஸ் வந்தது, நடிக்கிறான் என்று முகத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். வெளியே வந்து ஒரு வருஷம் நான் குடிக்கவில்லை, அது உண்மை. என் அப்பாவோடு பேசவும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

எல்லா மையமும் இப்படி இல்லை என்று தெரியும். போய்ப் பார்க்காமல் அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

கோர்ட்டு_குமாஸ்தா | ஆகஸ்ட் 27, காலை 9.30

மேலே எழுதிய நண்பருக்கு நடந்தது சட்டப்படி குற்றம். 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம் (2018 மே 29 முதல் நடைமுறையில்) குடி, போதையால் வருகிற மனநிலைக் கோளாறுகளையும் சேர்த்தே பேசுகிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை கொடுக்கிற இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலி போடக் கூடாது. உள்ளே இருக்கிறவருக்குப் போன் பேசவும், பார்க்க வருகிறவர்களைச் சந்திக்கவும் உரிமை உண்டு. சம்மதமில்லாமல் சேர்ப்பதற்கும் நிபந்தனைகள் உண்டு: அவர் நியமித்த பிரதிநிதி கேட்க வேண்டும், மருத்துவர்கள் பரிசோதித்து எழுத வேண்டும், முதல் கட்டமாக 30 நாள்தான். "முதல் மாதம் போன் கிடையாது" என்று எவனாவது விளம்பரமே செய்தால், அந்த ஒரு வரி போதும், வேறு இடம் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், காட்டவில்லை என்றால் வந்த வழியே திரும்புங்கள்.

பாலிசி_பாபு | ஆகஸ்ட் 27, பகல் 12.10

பணம் பற்றி யாரும் பேசவில்லையே. இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நம்பி இறங்காதீர்கள். மனநோய்க்கும் மற்ற நோய் மாதிரியே காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது, உண்மை. ஆனால் பாலிசிப் புத்தகத்தின் விலக்குப் பட்டியலில் 12ஆம் எண்ணைப் பாருங்கள்: குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதனால் வருகிற விளைவுகளும் கிடையாது. அப்புறம் "டே கேர்" என்று பாலிசியில் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மயக்க மருந்து கொடுத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்கிற கண்புரை மாதிரியான ஆபரேஷன். வட்டமாக உட்கார்ந்து பேசுகிற டே கேர் இல்லை. மன அழுத்தமோ வேறு நோயோ சேர்ந்திருந்தால் டாக்டர் அதைத் தனியாக எழுதுகிறாரா என்று மட்டும் பாருங்கள், சில சமயம் அது எடுபடும். அரசு ஆஸ்பத்திரி என்றால் பி.பி.எல். (வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான) கார்டை மறக்காதீர்கள்.

நீலசந்திரா_அம்மா | ஆகஸ்ட் 27, மாலை 4.45

என் மகளுக்குக் குடி இல்லை, கஞ்சாவும் அதோடு மனநோயும். எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள், டாக்டர்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஒரு இடத்தில் போதையை நிறுத்திவிட்டு வா என்றார்கள், இன்னொரு இடத்தில் மனநோயைச் சரிசெய்துவிட்டு வா என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற இடத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் போயிற்று. கலா, உங்கள் தம்பிக்கு உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அவள் பகல்நேர மறுவாழ்வு மையத்துக்குப் போகிறாள். மெழுகுவர்த்தி ஊற்றுவாள், கொஞ்சம் தையல். நிம்ஹான்ஸ் மறுவாழ்வுப் பிரிவில் பேக்கரி, அச்சு வேலை, தச்சு வேலை எல்லாம் இருக்கிறது, அங்கே கேக் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். போகவர இரண்டரை மணி நேரம் பஸ்ஸில். பெண்களுக்கு இலவச பஸ் என்கிற சக்தி திட்டம் வந்ததிலிருந்து எங்கள் இருவருக்கும் டிக்கெட் இல்லை, இல்லாவிட்டால் எப்போதோ நிறுத்தியிருப்போம்.

முதல் மாதம் தினமும் கூட்டிக்கொண்டு போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் சூப்பர்வைசர் வந்து, "அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க, நீங்க இருக்கறவரைக்கும் அவ வேலை செய்யமாட்டா" என்றார். கோபம் வந்தது. போனேன். அன்றைக்கு முதல் தடவையாக அவள் 11 மெழுகுவர்த்தி ஊற்றியிருந்தாள்.

கலா_மர்ஃபிடவுன் | ஆகஸ்ட் 31, இரவு 9.20

எல்லோருக்கும் நன்றி. ஹொசக்கோட்டை மையத்துக்கு மாமாவோடு நேரில் போனேன். சான்றிதழ் கேட்டேன். "பெரியவர் வெளியூர் போயிருக்கார், பீரோ சாவி அவர்கிட்ட" என்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் மாமா பேசவில்லை. அப்புறம் டின் ஃபேக்டரி சிக்னலில் நிற்கும்போது, "சரி, ராஜாஜிநகரே பாரு" என்றார்.

அங்கே விசாரித்தேன். வரவில்லை என்றால் 10.30க்குள் போன். வியாழன் மாலை வீட்டாருக்கு வகுப்பு. நாளை சேர்கிறான்.

கேஆர்புரம்_சேகர் | ஆகஸ்ட் 31, இரவு 9.50

நல்லபடியாக நடக்கட்டும் சகோதரி. எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை, ஆனால் தப்பாக நினைக்காதீர்கள். போன் செய்கிறார்கள் என்பது நல்ல விஷயம்.

கலா_மர்ஃபிடவுன் | அக்டோபர் 5, இரவு 8.30

ஐந்து வாரம் ஆயிற்று. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் வீட்டில் எல்லோரும் போலீஸ் மாதிரி இருந்தோம். வாயை ஊது, பையைக் காட்டு. வியாழன் வகுப்பில் அந்தக் கவுன்சலர் அம்மாவிடம், "4.30லிருந்து 9 வரை அவர் வீட்ல என்ன செய்றார்?" என்று கேட்டார். அம்மா, "ஒண்ணும் செய்யல, நாங்க அவனைப் பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருஷம் அந்த நேரத்தில் அவன் குடித்துக்கொண்டுதான் இருந்தான். அந்த நேரத்துக்கு வேறு வேலையே கிடையாது எங்கள் வீட்டில்.

அதிலிருந்து ராத்திரிச் சமையல் அவனுடையது. முதல் வாரம் தின்ன முடியவில்லை.

ஆயுத பூஜை அன்று சறுக்கினான். முதலாளி வரச் சொல்லியிருந்தார். மெஷினுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து, அப்புறம் வழக்கம்போல ஷட்டரைப் பாதி இறக்கி பாட்டில் திறந்திருக்கிறார்கள். இரண்டு குவாட்டர். ராத்திரி 11 மணிக்கு வந்தான். அம்மா அழுதாள், மாமா "நான் அப்பவே சொன்னேன்" என்று போனில் கத்தினார்.

மறுநாள் அவனே எழுந்து மையத்துக்குப் போனான். ஊதச் சொல்வதற்கு முன்னாலேயே வட்டத்தில் சொல்லியிருக்கிறான். விரட்டிவிடுவார்கள் என்று பயந்துதான் போனானாம். அன்றைக்கு முழுக்க அவனை வைத்துக்கொண்டு ஷட்டர் இறங்கின அந்த அரை மணி நேரத்தைத்தான் பேசியிருக்கிறார்கள். யார் கிளாஸ் எடுத்துவந்தது, நீ எங்கே நின்றாய், வாசலுக்கு எத்தனை அடி, கிளம்புகிறேன் என்று எந்த வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஆறு வாரத்தை எட்டு ஆக்கியிருக்கிறார்கள்.

அல்சூர்வாசி அண்ணா, ஒரு கேள்வி. திங்கள் முதல் சனி வரை ஓடிவிடுகிறது. ஞாயிறு எங்களுக்குத் தெரியவில்லை. காலை 10 மணிக்கே வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறான். அவசரத்துக்கு 14416 டெலி மானஸ் (அரசு மனநல உதவி) நம்பரை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், போன ஞாயிறு ஒரு தடவை கூப்பிட்டும் பேசினான், தமிழிலேயே பேசினார்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அதையே செய்ய முடியுமா?

வார்டு_அக்கா | அக்டோபர் 5, இரவு 9.05

கூப்பிடலாம், அதற்குத்தான் இருக்கிறது. 24 மணி நேரமும், கட்டணம் இல்லை. சறுக்கின மறுநாளே தானாகப் போய்ச் சொன்னார் பாருங்கள், அதை மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். 2019இல் வெளியான தேசிய ஆய்வில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருந்தது. உங்கள் தம்பி அந்த ஒருவர்.

அல்சூர்வாசி | அக்டோபர் 5, இரவு 10.15

அக்கா, ஞாயிறு எனக்கும் அப்படித்தான் இருந்தது. தமிழில் ஒரு ஏ.ஏ. கூட்டம் (குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுவது) நடக்கிறது, ஞாயிறு காலை. ஆறு வருஷமாகப் போகிறேன். இலவசம், பெயர்கூடக் கேட்க மாட்டார்கள், டீயும் பிஸ்கட்டும் உண்டு, பிஸ்கட் சுமார்தான். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது, அம்மாவை அதற்கு அனுப்புங்கள்.

இடம், நேரம் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். தனியாக வரத் தயங்குவான், நானும் அப்படித்தான் தயங்கினேன். வருகிற ஞாயிறு இந்திராநகர் ஸ்டேஷன் படிக்குக் கீழே நிற்கிறேன். ஹலசூருவில் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கையில் மடக்கின கறுப்புக் குடை இருக்கும்.

கலா_மர்ஃபிடவுன் | அக்டோபர் 5, இரவு 10.40

சொல்லிவிட்டேன். வருகிறேன் என்கிறான். அரிசி அளந்துகொண்டே சொன்னான், அதனால் எத்தனை ஆழாக்கு போட்டான் என்பதை மறந்துவிட்டான். நாளைக்குப் பழைய சோறு நிறைய இருக்கும்.